ஸ்போர்ட்ஸ் காருக்கு டயர் மாத்தப் போறீங்களா? பிராண்டை விடுங்க, முதல்ல சைடு வாலை (டயரோட பக்கச் சுவரை) படிங்க

"ப்ரோ, எந்த டயர் பெஸ்ட்டு, மிஷெலினா பிரெல்லியா?" எல்லாரும் இப்படித்தான் ஆரம்பிக்கிறாங்க. உண்மையில அது கடைசியா கேக்க வேண்டிய கேள்வி. அதுக்கு முன்னாடி சைஸ், லோடு, கம்பெனி மார்க், தயாரிச்ச தேதி, நீங்க வண்டியை எங்க ஓட்டுறீங்கன்னு வரிசையா பாத்துட்டு வந்தா மிஞ்சுறது ரெண்டு மூணு டயர்தான், அதுல எதை எடுத்தாலும் பெருசா தப்பு வராது. தலைகீழா போனா, அதாவது யூடியூப்ல எவனோ ஜெர்மனி டிராக்ல ஓட்டுன வீடியோ பாத்துட்டு இதான் வேணும்னு அடம் பிடிச்சா, ஒண்ணு அந்த சைஸ்ல கிடைக்காது, இல்லன்னா மூணு வருஷமா குடோன்ல கிடந்தது கிடைக்கும்.

எல்லா காருக்கும் பொதுவா பேசினா ஒண்ணும் புரியாதுன்றதால போர்ஷே 718 கேமேன் எஸ்ஸையே உதாரணமா எடுத்துக்குறேன். 2.5 லிட்டர் டர்போ, 350 குதிரைசக்தி, இன்ஜின் நடுவுல, பின் வீல் டிரைவ், முன்னாடி ஒரு சைஸ் பின்னாடி ஒரு சைஸ். 911, பிஎம்டபிள்யூ எம்2 இதெல்லாம் வச்சிருக்கவங்களுக்கும் கணக்கு கிட்டத்தட்ட இதேதான், மாறுற இடத்துல சொல்றேன்.

முதல்ல டயர் நிஜமாவே மாத்தணுமான்னு பாருங்க. பட்டன், அதாவது ரோட்டைத் தொடுற ரப்பர் கட்டம், எவ்வளவு இருக்குன்னு நின்ன வாக்குல எட்டிப் பாத்துட்டு "இன்னும் நல்லாதான் இருக்கு"ன்னு சொல்றது இந்த மாதிரி வண்டில ரொம்ப ஆபத்து. இந்த கார்கள்ல வீல் கம்பெனியிலயே உள்பக்கமா லேசா சாய்ஞ்சு நிக்கிற மாதிரிதான் செட் பண்ணி வரும், நெகட்டிவ் கேம்பர்னு சொல்லுவாங்க, அதனால டயரோட உள் விளிம்புதான் முதல்ல தேயும். வெளியேர்ந்து பாத்தா பட்டன் பளிச்சுன்னு தெரியும், உள்பக்கம் மொட்டையாகி, சில சமயம் கம்பியே எட்டிப் பாக்க ஆரம்பிச்சிருக்கும். முன் டயருக்கு ஸ்டியரிங்கை ஃபுல்லா ஒரு பக்கம் திருப்பிட்டு செல்போன் டார்ச் அடிச்சா போதும். பின் டயர் திரும்பாது இல்லையா, அதுக்கு போன்ல வீடியோ ஆன் பண்ணி லைட்டைப் போட்டு டயருக்குப் பின்னால அடில நீட்டி மெதுவா ஒரு இழுப்பு இழுத்து வெளிய எடுத்துப் பாருங்க, ஜாக்கி போடாமலே எல்லாம் தெரிஞ்சிடும்.

அளவுன்னு பாத்தா 1.6 மில்லிமீட்டர் கடைசி எல்லை, பள்ளத்துக்குள்ள குட்டியா ஒரு மேடு இருக்கும், பட்டன் தேஞ்சு அந்த மேட்டு லெவலுக்கு வந்துட்டா கதை முடிஞ்சது. ஆனா மழைல ஓட்டுறவங்க அதுவரைக்கும் காத்திருக்காதீங்க. இந்த டயருங்க அகலம் ஜாஸ்தி, வண்டியோ எடை கம்மி, தண்ணி நிக்கிற ரோட்ல வேகமா போனா டயர் ரோட்டை விட்டு தண்ணி மேல மிதக்க ஆரம்பிச்சிடும், பள்ளம் ஆழமா இருந்தாதான் அந்தத் தண்ணி வெளிய போகும். 3 மில்லிமீட்டர்ல நின்னா ஐப்பசி மழைக்கு முன்னாடியே மாத்திடுங்கன்றது என் கருத்து. ஆழம் பாக்குற கேஜ் ஒண்ணு ரொம்ப சல்லிசா கிடைக்குது, வாங்கி டேஷ்போர்டுல போட்டு வைங்க, உள், நடு, வெளின்னு மூணு இடத்துலயும் அளக்கணும்.

இன்னொரு விஷயம் இருக்கு, நம்ம ஊர்ல இதான் முக்கியம்னு சொல்லுவேன். இங்க ஸ்போர்ட்ஸ் காரை யாரும் தினம் ஆபீஸுக்கு எடுத்துட்டுப் போறதில்ல, ஞாயித்துக்கிழமை காலைல ஈசிஆர்ல ஒரு ரவுண்டு, வருஷத்துக்கு ரெண்டு தடவை மலைப்பக்கம், மீதி நாளெல்லாம் கவர் போட்டு நிக்குது. அப்போ டயர் தேய்றதுக்கு முன்னாடி வயசாகிடும். ரப்பர்ல இருக்கிற எண்ணெய் சத்தெல்லாம் போய் இறுகிடும், சென்னை வெயிலுக்கு இன்னும் சீக்கிரம், பட்டன் 6 மில்லிமீட்டர் இருக்கும் ஆனா கிரிப் இருக்காது, லேசான ஈரத்துல ஆக்சிலரேட்டர் மிதிச்சா பின்னாடி வழுக்கும். ஆறு வருஷம் தாண்டின டயரை பட்டன் எவ்வளவு இருந்தாலும் ஓட்டாதீங்கன்னு போர்ஷே கம்பெனியே சொல்லுது. செகண்ட் ஹேண்ட்ல கார் வாங்கினவங்க முதல் வேலையா இதைப் பாருங்க, "டயர் 80 பர்சென்ட் இருக்கு சார்"னு விக்கிறவர் சொல்றது பொய்யா இருக்காது, அவர் வயசைப் பத்தி ஒண்ணும் சொல்லல, அவ்வளவுதான்.

வயசு பாக்குறது ஈஸி. சைடு வால்ல டாட் (DOT)னு மூணு இங்கிலீஷ் எழுத்து, அதுக்குப் பின்னால நீளமா ஒரு குறியீடு, அதோட கடைசி நாலு நம்பர் மட்டும் போதும். 2324ன்னு இருந்தா 2024ல 23வது வாரம் செஞ்சது. சில பேர் தேடித் தேடிப் பாத்துட்டு "என் டயர்ல தேதியே இல்ல"ன்னு சொல்லுவாங்க, அந்த முழு நம்பர் ஒரு பக்கத்துல மட்டும் இருந்தா போதும்னு விதி, உங்களுக்கு அது உள்பக்கமா மாட்டியிருக்கும். அதே போன் வீடியோ வேலையைப் பண்ணுங்க.

சரி, மாத்தணும்னு முடிவாச்சு. இப்போ சைடு வால்ல எழுதியிருக்கிறதை ஒழுங்கா படிக்கலாம். 19 இன்ச் வீல் போட்ட கேமேன் எஸ்ல முன்னாடி 235/40 இசட்ஆர்19, பின்னாடி 265/40 இசட்ஆர்19ன்னு இருக்கும். 265ன்றது மில்லிமீட்டர்ல அகலம், 40ன்றது அந்த அகலத்துல 40 சதவீதம் சைடு வால் உயரம்னு அர்த்தம், 19 ரிம் சைஸ். இதுவரைக்கும் எல்லாருக்கும் தெரியும். அதுக்கு அடுத்து வர்றதைத்தான் யாரும் பாக்குறதில்ல: முன்னாடி 92 ஒய், பின்னாடி 98 ஒய். 92ன்னா அந்த ஒரு டயர் 630 கிலோ தாங்கும், 98ன்னா 750 கிலோ. ஒய்ன்னா மணிக்கு 300 கிலோமீட்டர் வரைக்கும், அதையே அடைப்புக்குறிக்குள்ள போட்டிருந்தா 300க்கும் மேல. டபிள்யூன்னா 270, வின்னா 240.

இங்கதான் கடைல ஒரு டயலாக் வரும், "சார் நீங்க என்ன 300லயா போகப் போறீங்க, டபிள்யூ போதும், விலையும் கம்மி". கேமேன் எஸ்ஸோட டாப் ஸ்பீடு 285, டபிள்யூ 270தான், அதனால அந்த வண்டிக்கு அது ஒத்து வராதுன்றது முதல் பதில். நீங்க 285 போக மாட்டீங்கன்றது சரிதான், ஆனா அந்த எழுத்து வெறும் வேகத்தை மட்டும் சொல்றதில்ல, சூடு எவ்வளவு தாங்கும், உள்ளுக்குள்ள கட்டு எவ்வளவு இறுக்கம்னு எல்லாம் சேர்ந்துதான் அந்த ரேட்டிங். குறைச்சுப் போட்டா ஸ்டியரிங் கொழகொழன்னு ஆகும். ஏதாவது ஆச்சுன்னா இன்சூரன்ஸ்ல கேள்வி கேக்கவும் ஒரு காரணம் கொடுத்த மாதிரி. லோடு நம்பரும் அப்படியே, கூட இருக்கலாம், குறையவே கூடாது. எக்ஸ்எல்னு போட்டிருந்தா அதே சைஸ்ல கூடுதல் எடை தாங்குற வகை, உங்க பழைய டயர்ல எக்ஸ்எல் இருந்தா புதுசுலயும் இருக்கணும்.

சைஸை மாத்தலாமா? இந்தக் கேள்வில நிறைய பேர் பெருசாக்குறதைப் பத்தியே பேசுறாங்க, நான் தலைகீழா சொல்லப் போறேன். 718க்கு கம்பெனியே 18, 19, 20ன்னு மூணு வீல் சைஸ் வச்சிருக்கு. 18ன்னா 235/45, 265/45. 20ன்னா 235/35, 265/35. கணக்கு போட்டுப் பாத்தா பின் டயரோட மொத்த உயரம் 18ல 695.7 மில்லிமீட்டர், 19ல 694.6, 20ல 693.5. அதாவது ரிம் ரெண்டு இன்ச் ஏறினாலும் டயரோட வெளி அளவு ரெண்டு மில்லிமீட்டர்தான் மாறுது. அந்த அளவு மாறாம இருந்தாதான் ஸ்பீடோமீட்டர், ஏபிஎஸ், ஸ்டெபிலிட்டி கன்ட்ரோல் எல்லாம் சரியா வேலை செய்யும், அதுக்காகத்தான் இவ்வளவு கவனமா வச்சிருக்காங்க. அப்போ மாறுறது என்ன? சைடு வால். பின்னாடி 18 இன்ச்ல 119 மில்லிமீட்டர் ரப்பர் இருக்கு, 20 இன்ச்ல 93தான். முன்னாடி இன்னும் மோசம், 106லேர்ந்து 82.

நம்ம ரோட்டுக்கு அந்த 24, 26 மில்லிமீட்டர்தான் ரிம்மைக் காப்பாத்துது. மெட்ரோ வேலை நடக்குற ரோட்ல இரும்பு ப்ளேட் விளிம்புல 20 இன்ச் வீல் ஒரு தடவை அடிச்சா போதும், ஒண்ணு ரிம் வளையும் இல்லன்னா டயர் சைடுல கோலிக்குண்டு சைஸுக்குப் புடைச்சுக்கிட்டு நிக்கும், பல்ஜ்னு சொல்லுவாங்க, அதுக்கு வைத்தியமே கிடையாது, டயரைத் தூக்கிப் போட வேண்டியதுதான். அதனால 20 இன்ச்ல மாசத்துக்கு ஒரு பஞ்சாயத்துன்னு இருக்கவங்க கம்பெனி அனுமதிச்ச 18 அல்லது 19 வீல் செட் செகண்ட்ஸ்ல கிடைச்சா அதுக்கு மாறிப் பாருங்க. பிரேக் காலிப்பர் இடிக்காம உக்காருதான்னு மட்டும் கன்ஃபார்ம் பண்ணிக்கணும், பெரிய பிரேக் ஆப்ஷன் போட்ட வண்டிக்கு சின்ன ரிம் உக்காராம போகலாம். ஷோக்கு கொஞ்சம் குறையும், வண்டி ஓட்ட இன்னும் சுகமா இருக்கும். 275 போட்டா பின்னாடி குண்டா இருக்கும்னு ஆசைப்படுறவங்களுக்கு: 275/40 போட்டா உயரம் 702.6 ஆகிடும், முன்னாடி பழசே இருக்கும், ரெண்டுக்கும் இடையில கம்பெனி வச்ச விகிதம் போச்சு. வேண்டாம்.

அடுத்தது என் (N) மார்க். இதைப் பத்தி சுத்துற கதைகளுக்கு அளவே இல்ல. போர்ஷேக்காக டயர் கம்பெனி தனியா டியூன் பண்ணி, போர்ஷே டெஸ்ட் பண்ணி ஓகே சொன்ன டயர்ல என்0, என்1, என்2ன்னு ஒரு குறி இருக்கும், 992ன்னு சொல்ற புது தலைமுறை 911 மாதிரி வண்டிகளுக்கு வர்றதுல என்ஏ0, என்சி0ன்னு நடுவுல ஒரு எழுத்து கூட சேர்ந்திருக்கும். பெயர் ஒண்ணா இருந்தாலும் உள்ள ரப்பர் கலவையும் கட்டும் மாறலாம், கடைல வாங்குற சாதா பைலட் ஸ்போர்ட் 4 எஸ்ஸும் என் மார்க் போட்ட பைலட் ஸ்போர்ட் 4 எஸ்ஸும் ஒரே டயர் இல்ல. நம்பர் பெருசா இருந்தா ஒசத்தின்னு நினைக்கிறாங்க, அப்படி கிடையாது. ஒரு குறிப்பிட்ட டயருக்கு முதல் தடவை அனுமதி கிடைச்சா 0, அதே டயரைத் திருத்தி மறுபடி அனுமதி வாங்கினா 1, அப்புறம் 2. பிரெல்லியோட என்1, மிஷெலினோட என்0வை விட ஒரு படி மேலன்னு கம்பேர் பண்றதுல அர்த்தமே இல்ல. ஆனா உங்க நாலு டயர்லயும் ஒரே மாடல், ஒரே குறியா இருக்கணும், முன்னாடி என் மார்க் பின்னாடி சாதா, இல்ல முன்னாடி என்0 பின்னாடி என்1னு கலக்காதீங்க.

மத்த கம்பெனிகளுக்கும் இது உண்டு. பிஎம்டபிள்யூவுக்கு ஒரு நட்சத்திரம், மெர்சிடிஸுக்கு எம்ஓ, ஆடிக்கு ஏஓ, ஃபெராரிக்கு கே1 மாதிரி. பிஎம்டபிள்யூ ஆளுங்க இன்னொண்ணு கவனிக்கணும்: சாதா மாடல் நிறையதுக்கு ரன் ஃப்ளாட், அதாவது காத்து இறங்கினாலும் கொஞ்ச தூரம் ஓடுற டயர், வரும், எம்2, எம்3, எம்4க்கு சாதா டயர்தான் வரும், நட்சத்திரம் இருக்குன்றதுக்காக ரன் ஃப்ளாட்டை எம் கார்ல மாட்டிடாதீங்க, கல்லு மாதிரி இருக்கும். நிசான் ஜிடி-ஆர் இதுக்கு நேர் எதிர், அது வடிவமைச்சதே ரன் ஃப்ளாட்டுக்குத்தான், 255/40, 285/35, ரெண்டும் 20 இன்ச்.

அப்போ என் மார்க் கிடைக்கலன்னா? இது நம்ம ஊர்ல நிஜமாவே வர்ற பிரச்சினை. 2020 ஜூன்ல வெளிநாட்டு டயர் இறக்குமதிக்கு லைசென்ஸ் வேணும்னு மத்திய அரசு கொண்டு வந்துச்சு, அதுக்கு மேல ஐஎஸ்ஐ முத்திரை வேற வேணும். சாதா சைஸுக்கு இதெல்லாம் தெரியாது, ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் போனா டயர் ஃபேக்டரியாதான் இருக்கு. ஆனா மாசத்துக்கு நாலு பேர் கூட கேக்காத சைஸை எவன் ஸ்டாக் வைப்பான்? அதனால ஆர்டர் போட்டுட்டு வாரக்கணக்குல காத்திருக்க நேரலாம், பட்டன் முழுசா தீந்த அப்புறம் தேட ஆரம்பிச்சா மாட்டிக்குவீங்க.

என் ஜட்ஜ்மென்ட் இதுதான். வண்டி வாரன்டில இருந்தா, இல்ல சீக்கிரம் விக்கப் போறீங்கன்னா, என் மார்க்கையே எடுங்க, சர்வீஸ் சென்டர்ல பேச்சு வராது, வாங்குறவனும் அதைப் பாப்பான். வாரன்டி முடிஞ்ச வண்டிக்கு, நாலு வருஷமா குடோன்ல கிடந்த என்0வை விட, போன மாசம் செஞ்ச சாதா டயர், அதே சைஸ், அதே லோடு, அதே ஒய், நாலும் ஒரே மாடலா கிடைச்சா நான் அதைத்தான் எடுப்பேன். போர்ஷேகாரன் கேட்டா ஒத்துக்க மாட்டான், பரவால்ல. பழைய ரப்பர்ல மார்க் இருந்து என்ன பிரயோஜனம்.

இப்பதான் எந்த வகை டயர்ன்ற கேள்விக்கு வர்றோம். மிஷெலின் பைலட் ஸ்போர்ட் 4 எஸ், அதுக்கு அடுத்து வந்த பைலட் ஸ்போர்ட் எஸ் 5, பிரெல்லி பி ஜீரோ, கான்டினென்டல் ஸ்போர்ட் கான்டாக்ட் 7, குட்இயர் ஈகிள் எஃப்1 வரிசை, பிரிட்ஜ்ஸ்டோன் பொடென்சா ஸ்போர்ட், இதெல்லாம் ஒரே கூட்டம். ரோட்டுக்குன்னே செஞ்சது, மழைலயும் நம்பலாம், வெயில்லயும் நல்லா பிடிக்கும். இதுக்குள்ள இருக்கிற வித்தியாசத்தைப் பத்தி ராத்திரி பூரா சண்டை போடலாம். எனக்கு 4 எஸ் பிடிக்கும், காரணம் அது கிரிப்பை விடுறப்போ திடீர்னு விடாம சொல்லிட்டு விடும், பொடென்சா ஸ்போர்ட் ஸ்டியரிங் திருப்பின உடனே கடிக்கிற மாதிரி இருக்கும் ஆனா நம்ம ரோட்ல கொஞ்சம் முரடு. உங்க சைஸ்ல, புது தேதில, நாலும் கிடைக்கிறது எதுவோ அதை எடுங்க, இந்தக் கூட்டத்துல மோசமானதுன்னு ஒண்ணும் கிடையாது.

இன்னொரு கூட்டம் மிஷெலின் கப் 2, பிரெல்லி ட்ரொஃபியோ, யோகோஹாமா அட்வான் ஏ052 மாதிரி அரை ஸ்லிக் வகை. பாக்கவே பட்டன் கம்மியா, அகல அகலமா ரப்பர் பட்டையா இருக்கும். காஞ்ச டிராக்ல, சூடானப்புறம், இதுக்கு ஈடே கிடையாது, 718 ஜிடி4 கம்பெனியிலேர்ந்தே கப் 2 மாதிரி டயர்லதான் வந்துச்சு. ஆனா தண்ணி தேங்கின ரோட்ல இதை வச்சுக்கிட்டு போனா மேல சொன்ன மிதக்குற கதை இன்னும் கம்மி வேகத்துலயே ஆரம்பிக்கும், புதுசுலயே பள்ளம் ஆழம் கம்மி, பாதி தேஞ்சதுக்கு அப்புறம் கேக்கவே வேண்டாம். சீக்கிரமும் தேஞ்சு போகும். இருங்காட்டுக்கோட்டை டிராக்குக்கு வருஷத்துக்கு ஒண்ணு ரெண்டு நாள் போறவங்களுக்கு 4 எஸ் மாதிரி டயரே தாராளம். அடிக்கடி போறீங்கன்னா தனியா ஒரு வீல் செட் வாங்கி கப் 2 மாட்டி வீட்ல வச்சுக்கங்க, ரோட்டுக்கு அது வேண்டாம். கொல்லிமலை 70 கொண்டை ஊசி வளைவுக்கு கப் 2 வேணுமான்னு கேட்டா, அங்க டயர் சூடாகுற வேகத்துல போனீங்கன்னா எதிர்ல வர்ற டவுன் பஸ்காரர் கதி என்ன ஆகுறது.

ஆல் சீசன், வின்டர் டயர் பத்தி நமக்குப் பேச்சே வேண்டாம். இந்த சம்மர் டயர் எல்லாம் 7 டிகிரிக்குக் கீழ போனா இறுக ஆரம்பிக்கும், மார்கழில ஊட்டியிலயோ கொடைக்கானல்லயோ விடியற்காலைல வண்டி எடுக்கிறவங்க மட்டும் முதல் கொஞ்ச தூரம் மெதுவா போங்க, அது போதும்.

சைடு வால்ல ட்ரெட்வேர்னு ஒரு நம்பர் இருக்கும், 300, 220 மாதிரி. பெருசா இருந்தா நாள்பட வரும்னு பொதுவா அர்த்தம், பைலட் ஸ்போர்ட் 4 எஸ்க்கு 300. ஆனா அந்த நம்பரை டயர் கம்பெனியே டெஸ்ட் பண்ணிப் போட்டுக்குறது, அதனால ஒரே கம்பெனியோட ரெண்டு டயரை ஒப்பிட உதவும், வேற வேற கம்பெனியை ஒப்பிட நம்பாதீங்க. சில டயர்ல உள்ள சத்தம் குறைக்க ஸ்பான்ஞ்சு ஒட்டியிருப்பாங்க, ஓட்ட நல்லா இருக்கும், பஞ்சர் ஆனா அதைச் சுரண்டிட்டுதான் உள்ள பேட்ச் போட முடியும், எல்லா கடைக்காரரும் அதுக்கு ரெடியா இருக்க மாட்டாங்க. பஞ்சர்னதும் ஞாபகம் வருது, 718ல ஸ்டெப்னியே கிடையாது, ஒரு பாட்டில் பசையும் குட்டி கம்ப்ரசரும்தான், பழைய செட்ல அந்தப் பாட்டிலோட எக்ஸ்பைரி தேதியையும் இந்த சாக்குல பாத்துடுங்க.

ரெண்டா, நாலா? பின் வீல் டிரைவ் கார்ல பின் டயர் முன் டயரை விட ரொம்ப சீக்கிரம் தேயும், அதனால ரெண்டு தடவை பின்னாடி மாத்தினா ஒரு தடவை முன்னாடின்ற மாதிரி ஓடும். பின்னாடி மட்டும் மாத்தலாம், ஆனா அதே மாடல், அதே மார்க்கா இருக்கணும், ஒரே ஒரு டயர் மட்டும் மாத்துறது எதிர்பக்கம் கிட்டத்தட்ட புதுசா இருந்தாதான். முன்னாடி மட்டும் புதுசு, பின்னாடி மொட்டைன்னு ஒருநாளும் பண்ணாதீங்க, ஈர ரோட்ல வண்டி பம்பரமா சுத்தும். வேற மாடலுக்கு மாறுறீங்கன்னா மனசைத் தேத்திக்கிட்டு நாலையும் ஒரே தடவை மாத்திடுங்க, லட்ச ரூபாயைத் தாண்டும், தெரிஞ்ச விஷயம்தான். நாலு வீல் டிரைவ் வண்டி, 911 கரேரா 4, எக்ஸ்டிரைவ் பிஎம்டபிள்யூ மாதிரி வச்சிருக்கவங்க இன்னும் கண்டிப்பா இருக்கணும், முன்னுக்கும் பின்னுக்கும் தேய்மானம் ரொம்ப வித்தியாசமா இருந்தா சுத்தளவு மாறி, முன்னுக்கும் பின்னுக்கும் சக்தியைப் பிரிச்சுக் கொடுக்குற பாகம் எப்பவும் இழுத்துக்கிட்டே ஓடும், அது போச்சுன்னா டயர் விலையெல்லாம் சில்லறைன்னு தோணும்.

வாங்கும்போது காசு அனுப்புறதுக்கு முன்னாடி நாலு டயரோட டாட் நம்பரையும் தனித்தனியா போட்டோ எடுத்து வாட்ஸ்அப்ல அனுப்பச் சொல்லுங்க, ஒண்ணோட போட்டோவை அனுப்பிட்டு "நாலும் இதே லாட்தான் சார்"னு சொன்னா ஒத்துக்காதீங்க. ஒரு வருஷத்துக்குள்ள இருந்தா பிரமாதம், ரெண்டு வருஷம்னா விலையைக் குறைச்சுக் கேளுங்க, அதுக்கு மேல வேண்டாம். ஜிஎஸ்டி பில் கட்டாயம், பில் இல்லாம பாதி விலைன்னு வர்றது எங்கேயோ கழட்டினது. வெளிநாட்டுலேர்ந்து வந்த பாதி தேஞ்ச டயர்னு விக்கிறாங்க பாருங்க, உள்ள எங்க அடி வாங்கியிருக்குன்னு வெளிய தெரியாது, 200ல போகக்கூடிய வண்டிக்கு அது வேண்டவே வேண்டாம்.

மாட்டுற கடையும் டயர் மாதிரியே முக்கியம். சைடு வால் சின்னதா இருக்கிற டயரை கடப்பாரை வச்சு நெம்புற கடைல விட்டா ரிம் விளிம்பு பூரா கீறல். லீவர் போடாத மெஷின் இருக்கான்னு போன்லயே கேளுங்க. வால்வுக்குப் பின்னாலதான் காத்து சென்சார் இருக்கும், டயரை ரிம்லேர்ந்து பிரிக்கும்போது வால்வு பக்கமா அழுத்தினா சென்சார் உடையும், பக்கத்துல நின்னு "அண்ணே வால்வுக்கு எதிர்பக்கமா ஆரம்பிங்க"ன்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க, நல்ல மெக்கானிக்குக்கு தெரிஞ்சிருக்கும், கோச்சுக்க மாட்டாரு. வண்டிக்கு ஏழெட்டு வயசுன்னா சென்சார் பேட்டரியும் சாகுற நேரம், டயர் கழட்டியிருக்கிறப்பவே சேர்த்து மாத்தினா திரும்ப ஒரு தடவை கூலி மிச்சம். டயர்ல வெளிப்பக்கம்னு எழுதின பக்கம் வெளியதான் இருக்கணும், அம்புக்குறி போட்டிருந்தா அது முன்னாடி உருள்ற திசை, இதைத் தப்பா மாட்டி அனுப்புறது நடக்காத விஷயம் இல்ல, கடையை விட்டு கிளம்புறதுக்கு முன்னாடி வண்டியைச் சுத்தி ஒரு நடை நடந்து பாத்துடுங்க.

போல்ட்டை கன்ல டர்ருன்னு இறுக்கி விட விடாதீங்க. 718க்கு 160 நியூட்டன் மீட்டர், டார்க் ரெஞ்ச்ல கிளிக் சத்தம் கேக்குற வரைக்கும் கையால இறுக்கணும். ஜிடி3 மாதிரி நடுவுல ஒரே ஒரு பெரிய நட்டு இருக்கிற வண்டிக்கு 600, அதுக்குத் தனி டூல் வேணும், தெருமுனைக் கடைல முடியாத வேலை. லாக் போல்ட் சாவி எங்க இருக்குன்னு முதல் நாளே தேடி வைங்க, முன் டிக்கில டூல் பையோட இருக்கும், அது இல்லாம கடைக்குப் போனா போன மாதிரியே திரும்பி வர வேண்டியதுதான்.

அலைன்மென்ட்டை தள்ளிப் போடாதீங்க. பழைய டயர் உள்பக்கம் மட்டும் ஓவரா தேஞ்சிருந்துச்சுன்னா அது கேம்பர் மட்டும் காரணமா இருக்காது, டோ அளவு, அதாவது வீல் நேரா பாக்காம உள்ளயோ வெளியயோ திரும்பி நிக்கிற அளவு, தப்பியிருக்கும், அதைச் சரி பண்ணாம புது டயர் போட்டா அதுவும் அதே வழியிலதான் போகும். அலைன்மென்ட் ரிப்போர்ட்டை பிரின்ட் வாங்கிக்கங்க, பின் வீலோட அளவும் அதுல இருக்கணும், சில கடைல முன்னாடி மட்டும் பாத்துட்டு காசு வாங்கிடுறாங்க.

காத்து பத்தி: பங்க்ல எந்த வண்டி வந்தாலும் 35ன்னு கண்ணை மூடிட்டு அடிக்கிற பழக்கம் இருக்கு, உங்க வண்டிக்கு முன்னாடி பின்னாடி வேற வேற அளவு, அது டிரைவர் பக்க கதவுகிட்ட ஸ்டிக்கர்ல இல்ல மேனுவல்ல இருக்கும், ரெண்டு பேருக்கு ஒண்ணு, லக்கேஜோட வேகமா போறதுக்கு ஒண்ணுன்னு கூட இருக்கலாம். டயர் குளிர்ச்சியா இருக்கிறப்போதான் பாக்கணும், சூடு 5, 6 டிகிரி ஏறினாலே சுமார் 1 பிஎஸ்ஐ கூடிடும், மத்தியானம் ஓட்டிட்டு வந்து அளந்து "ஜாஸ்தியா இருக்கே"ன்னு இறக்கி விட்டா காலைல கம்மியா இருக்கும். நைட்ரஜன் போட்டா கொஞ்சம் மெதுவா இறங்கும், போடலன்னாலும் ஒண்ணும் குடி முழுகாது. அப்புறம் போர்ஷேல டயர் மாத்தின உடனே மீட்டர்ல டயர் பிரஷர் மெனுக்குள்ள போய் எந்த சைஸ், எந்த வகைன்னு செலக்ட் பண்ணி விடணும், இல்லன்னா அது பழைய கணக்கையே வச்சுக்கிட்டு மஞ்சள் லைட்டைப் போட்டு உயிரை வாங்கும்.

புது டயர் மேல அச்சுலேர்ந்து வந்த வழவழப்பு இருக்கும், முதல் 200, 300 கிலோமீட்டருக்கு கடையிலேர்ந்து வெளிய வந்த உடனே யூடர்ன்ல ஆக்சிலரேட்டரை அழுத்துற வேலை வேண்டாம், அதுவும் மழைன்னா கண்டிப்பா வேண்டாம். 100 கிலோமீட்டர் ஓடினதும் ஒரு தடவை போல்ட் டார்க்கை செக் பண்ணிடுங்க, பில்லோட பின்னாடி நாலு டயரோட டாட் நம்பரையும் மாட்டின அன்னைக்கு ஓடோமீட்டர்ல இருந்த கிலோமீட்டரையும் எழுதி வைங்க, வாரன்டி கேக்கவும் வண்டியை விக்கவும் அந்தத் தாளைத்தான் கேப்பாங்க.